காற்று ஒழுகாத ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: வணக்கம் சேர். நாங்கள் விசுவமடுப் பக்கம். மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு வந்த பாண்ட் குழுவில் ஒரு அக்கா கிளாரினெற் வாசித்ததைப் பார்த்தாள், அன்றிலிருந்து அதே கதைதான். புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும் என்று சொல்லி வைத்திருந்தேன், இப்போது அதுவும் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமா தன் தகப்பன் வாசித்த கறுப்பு மரக் கிளாரினெற்றைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார், படம் அனுப்பியிருக்கிறேன். இணையத்தில் அதைவிட மலிவாகப் புதியதே இருக்கிறது, நீல நிறத்தில் கூட. லண்டனில் இருக்கும் என் தம்பி, எது என்று சொன்னால் தானே வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். என் அப்பா நாதஸ்வரம் வாசித்தவர், குழல் என்றால் மரம்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறார். பிள்ளைக்கு எது சரி? இல்லை, கொஞ்ச நாள் றெக்கோடர் வாசிக்க விட்டுப் பிறகு வாங்கலாமா?

பதில்:

அன்பின் தங்கச்சி,

நீலக் கிளாரினெற்றை முதலில் முடித்து வைக்கிறேன், வேண்டாம். நிறம் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, பச்சை மஞ்சள் எதுவானாலும் நல்ல குழல் நல்ல குழல்தான், ஆனால் அந்த விலையில் பெயர் தெரியாமல் வரும் குழல்களின் கீகள், அதாவது விரலால் அழுத்தும் நெம்புகள், மெல்லிய உலோகத்தில் செய்தவை, ஒரு முறை பையில் இருந்து சரிந்து விழுந்தால் வளைந்துவிடும், நிமிர்த்தப் போனால் சில நேரம் கையோடு முறிந்து வரும். வவுனியாவில் என் மேசைக்கு அப்படி வந்தவற்றில் பாதியைத் திருப்பித்தான் அனுப்பினேன். திருத்தத் தெரியாமல் இல்லை, இன்றைக்குத் திருத்திக் கொடுத்தால் அடுத்த மாதம் திரும்பவும் என்னிடம்தான் வரும், பிள்ளையின் காசை ஏன் அப்படிக் கரைக்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கோபமும் உண்டு. என் முதல் கிளாரினெற்றை எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அப்பா கொழும்பில் ஒரு கடையில் வாங்கி வந்தார், புதியது, பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் துணி, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினோம். ஏழு மாதம் கீழ் ஸ்வரங்கள் வரவே இல்லை. படிப்பித்த மாஸ்ரர் மூச்சுப் போதாது, வடிவாகச் சாப்பிடு என்றார், அம்மாவும் முட்டை, ராசவள்ளி, உளுத்தங்களி என்று போட்டுப் பார்த்தா. கடைசியில் பாண்ட் ஒன்றில் வாசித்த ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, மேல்துண்டில் ஒரு பாட் சரியாக மூடவில்லை, மயிரிழை அளவு திறந்து நிற்கிறது என்று காட்டினார். அதை மாற்றின அன்றைக்கே கீழ் ஸ்வரம் எல்லாம் தண்ணீர் மாதிரி வந்தது. அந்த ஏழு மாதமும் எனக்குத்தான் ஏதோ குறை என்று நான் நம்பிக்கொண்டு இருந்தேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

பாட் என்றால் கீயின் அடியில் ஒட்டியிருக்கும் சின்ன வட்ட மெத்தை, துளையை மூடுவது அதுதான். குழலில் காற்று மேலிருந்து கீழே போகிறது, ஆகவே மேலே ஒரு இடத்தில் ஒழுகினால் அதற்குக் கீழே உள்ள ஸ்வரங்கள் ஒன்றும் ஒழுங்காகப் பேசாது. பெரிய ஆட்கள் உடனே குழலைச் சந்தேகப்படுவார்கள். பிள்ளை தன்னைத்தான் சந்தேகப்படும், இன்னும் இறுக்கிப் பிடிக்கும், வாயில் பிடிக்கும் றீட் என்ற நாணல் தகட்டைக் கடிக்கும், அது கீச்சிடும், பிறகு மெல்ல மெல்ல அலுமாரிக்கு மேலே போய்விடும். கிளாரினெற்றை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்படும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒழுகும் குழலால் விட்டார்களோ தெரியாது. அதனால்தான் மரமா பிளாஸ்ரிக்கா, புதியதா பழையதா என்று யார் கேட்டாலும் நான் முதலில் காற்று ஒழுகுமா என்று பார்க்கச் சொல்லுவேன்.

சரி, பக்கத்து வீட்டு மாமாவின் குழல். உங்கள் படத்தைப் பெரிதாக்கி நன்றாகப் பார்த்தேன். விரல் வைக்கும் துளைகளைச் சுற்றி உலோக வளையம் இரண்டுதான் இருக்கிறது, கீகளும் 13 தான் எண்ண முடிந்தது. இன்றைக்கு எல்லாப் பாடசாலைகளிலும் பயிற்சிப் புத்தகங்களிலும் இருப்பது போம் முறைக் கிளாரினெற், அதில் 17 கீயும் 6 வளையமும் இருக்கும். பாரிஸில் குளோசே என்ற வாத்தியக்காரரும் புஃபே என்ற கைவினைஞரும் சேர்ந்து 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆக்கிய முறை அது. மாமாவிடம் இருப்பது அதற்கு முந்தைய வழியில் வந்த எளிய முறைக் குழல். மோசமான வாத்தியம் என்று சொல்ல மாட்டேன், அந்தக் காலத்தில் அதில் அற்புதமாக வாசித்திருக்கிறார்கள், ஆனால் விரல் பிடி வேறு. உங்கள் மகள் புத்தகத்தைப் பார்த்து ஒரு பிடி பிடிப்பாள், குழல் வேறு ஸ்வரம் சொல்லும், படிப்பிக்கிறவருக்கும் தலை சுற்றும்.

இன்னொன்றும் இருக்கிறது. பெயர் பொறித்த இடத்துக்குக் கீழே எச்.பி. என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இருக்கிறதா என்று மாமாவிடம் கேட்டுப் பாருங்கள், படத்தில் அந்த இடத்தில் வெளிச்சம் பட்டு மறைந்திருக்கிறது. அது இருந்தால் உயர் சுருதிக் குழல். பழைய பிரித்தானிய இராணுவ பாண்ட்கள் ஏ ஸ்வரத்தை விநாடிக்கு 452 அதிர்வை ஒட்டி வைத்து வாசித்தன, இப்போது உலகம் முழுக்க 440, சில இடங்களில் 442. வித்தியாசம் ஏறத்தாழ அரை ஸ்வரத்தில் பாதி. துண்டுகள் சேரும் மூட்டுகளைக் கொஞ்சம் இழுத்து நீட்டிச் சமாளிக்கக்கூடிய அளவு இல்லை, நீட்டினால் ஒரு ஸ்வரம் சரியாகும், மற்றது பிசகும். கீபோர்ட்டோடு சேர்ந்து வாசித்தால் நாய் கூட எழும்பிப் போகும். மாமா மனம் நோகாமல், அது உங்கள் அப்பாவின் ஞாபகம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள், அது உண்மையும் கூட.

உங்கள் அப்பா மரம்தான் என்பது எனக்கு விளங்குகிறது. ஆச்சா மரத்தில் கடைந்த நாதஸ்வரத்தோடு வாழ்ந்த மனிதர், அவருக்குப் பிளாஸ்ரிக் குழல் விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரியும். உயர்ந்த கிளாரினெற்றுகள் இன்றைக்கும் ஆபிரிக்கக் கருமரத்தில்தான் செய்யப்படுகின்றன, அதில் அவர் சொல்வது சரி. ஆனால் நாதஸ்வரத்தில் கீ இல்லை, திருகாணி இல்லை, மூட்டுகளில் ஒட்டிய தக்கை இல்லை. கிளாரினெற் ஐந்து துண்டாகப் பூட்டுவது, மேல்துண்டில் துளைக்குப் பக்கத்தில் துளையாகக் குடைந்திருக்கும், மரம் கொஞ்சம் உலர்ந்து இழுத்தாலும் வெடிப்பு அங்கேதான் விழும். நம் வன்னி வெயில் உங்களுக்குத் தெரியும். சோளகம் வீசும் மாதங்களில் கதவு நிலைகூடச் சுருங்கி ஆடுகிறது, பிறகு ஐப்பசியில் மழை பிடித்தால் அதே கதவு இறுகித் திறக்க முடியாது. அதே கூத்துத்தான் மரக் குழலுக்கும். புது மரக் குழலை முதல் சில வாரம் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், இருபது நிமிடம் என்று அளந்து வாசித்துப் பழக்க வேண்டும், வாசித்தவுடன் துடைக்க வேண்டும், 11 வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அநியாயம், ஆசை வந்தால் ஒரு மணி நேரம் ஊதத்தானே செய்வாள்.

ஆகவே ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்ரிக். வெடிக்காது, பாரம் குறைவு, விலையும் குறைவு. ஒலியில் வித்தியாசம் இருக்கிறதா என்றால் இருக்கிறது என்பாரும் உண்டு, இல்லை என்பாரும் உண்டு, முதல் மூன்று நான்கு வருஷத்துக்கு அந்த வழக்கு உங்கள் வீட்டுக்கு வராது. பிளாஸ்ரிக் என்பதற்காக மோட்டார் சைக்கிளில் கட்டி வெயிலில் விட்டுவிட வேண்டாம், குழலுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் பாட்களை ஒட்டியிருக்கும் பசை இளகி மெத்தை இடம் மாறும், பிறகு திரும்பவும் ஒழுகல்தான்.

இனி லண்டன் தம்பிக்கு. அவர் கேட்டதே பெரிய விஷயம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். கடையில் புதிதாக வாங்கினால் நல்ல மாணவர் ரகம் ஆயிரம் டொலரை ஒட்டி வரும், நம் காசில் மூன்று லட்சம் அளவு, அவ்வளவு தேவையில்லை. அங்கே பாடசாலைப் பிள்ளைகள் ஒரு வருஷம் வாசித்துவிட்டு விட்ட குழல்கள் கைமாற்றாக நிறைய வரும், அதில் யமஹா 250 அல்லது 255, இல்லாவிட்டால் புஃபே பி12, கிடைத்தால் எடுக்கச் சொல்லுங்கள். யமஹாவில் அதற்கு முந்தைய 26 ரகமும் நல்ல உழைப்பாளி, ஜூப்பிட்டரும் மோசமில்லை. நான் யமஹாவை முதலில் சொல்வதற்குக் காரணம் பெருமை இல்லை, உதிரிப் பாகம் கிடைக்கும், திருத்துகிறவருக்கு அதன் உட்புறம் மனப்பாடம். வாங்குவது பீ பிளாட் சுருதிக் கிளாரினெற்றாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தரம் சொல்லுங்கள், ஏனென்றால் ஈ பிளாட் என்ற குட்டிக் குழல் ஒன்றும் இருக்கிறது, சின்னப் பிள்ளைக்குச் சின்னக் குழல் நல்லது என்று நினைத்து அதை அனுப்பிவிட்டால் வீடு முழுக்கக் கீச்சுத்தான். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கென்று பாரம் குறைந்த சீ சுருதிப் பிளாஸ்ரிக் குழல்களும் வருகின்றன, ஏழெட்டு வயதுக்கு அவை சரி, உங்கள் மகளுக்கு 11, முன்பற்கள் மாறி முடிந்திருக்கும், மேல் பல்லை வாயில் வைக்கும் மவுத்பீஸில் ஊன்றிப் பிடிக்கலாம், பெரிய குழலுக்கே வரட்டும்.

விரல் எட்டுமா என்ற பயம் இருந்தால் குழல் வந்த பிறகு இரண்டு கைச் சுண்டு விரல்களையும் கீழே உள்ள கீகளுக்கு நீட்டச் சொல்லிப் பாருங்கள், மற்ற விரல்கள் துளையை விட்டு எழும்பாமல் எட்டினால் போதும். பாரம் முக்கால் கிலோ அளவில் இருக்கும், அது முழுக்க வலது பெருவிரலில் தொங்குகிறது, அதனால் கழுத்துப் பட்டி ஒன்றும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், பிள்ளை பெருவிரல் நோகுது என்றால் சாட்டு என்று நினைக்க வேண்டாம்.

தம்பி செய்ய வேண்டியதில் முக்கியமானது இன்னும் வரவில்லை. வாங்கியதும் நேரே அனுப்பக் கூடாது. அங்கேயே ஒரு திருத்துநரிடம் கொடுத்துப் பாட், தக்கை, ஸ்பிரிங் எல்லாம் பார்த்து, தேவையானதை மாற்றி, அதற்குப் பிறகு அனுப்ப வேண்டும். அங்கே அந்த வேலைக்குக் கொடுக்கும் காசு அதிகம் மாதிரித் தெரியும், ஆனால் முழுத் தொகுதி நல்ல பாட்களை இங்கே தேடி எடுத்து மாற்றுவதற்குள் நீங்கள் நாலு தரம் கொழும்புக்கு யாழ்தேவி ஏறியிருப்பீர்கள். முடிந்தால் ஊருக்கு வருகிற யாரிடமாவது கைப்பையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் அவரே கடைக்குள் நின்று ஒரு சோதனை செய்யலாம், வாத்தியம் தெரியாதவருக்கும் இது முடியும். மேல்துண்டைத் தனியாகக் கழற்றி, எல்லாத் துளையையும் விரலால் மூடி, கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு மேல் வாயில் வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். உள்ளே வெற்றிடம் பிடித்து ஒரு சில விநாடி நாக்கை இழுத்துக்கொண்டு நின்றால் பாட் எல்லாம் மூடுகிறது. உறிஞ்ச உறிஞ்சக் காற்று வந்துகொண்டே இருந்தால் ஒழுகுகிறது. கீழ்த்துண்டிலும் அதேபோல், அங்கே சில கீகள் திறந்தே நிற்கும், அவற்றையும் அழுத்திக்கொள்ள வேண்டும். ஊதித் தெரியாத ஒருவர் பத்து நிமிடத்தில் இதைப் பார்த்துவிடலாம், விற்கிறவர் முறைத்தால் முறைக்கட்டும்.

மிச்சம் வைத்த காசை மவுத்பீஸிலும் றீட்டிலும் போடுங்கள். யமஹாவோடு வரும் 4சி மவுத்பீஸ் தொடங்குவதற்கு நன்றாகவே போதும், வேறு குழலோடு ஏதாவது பெயரில்லாத மவுத்பீஸ் வந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு 4சி தனியாக வாங்குங்கள், சாதாரணக் குழலும் அதில் பாதி நல்ல குழலாகிவிடும். றீட் என்பது உங்கள் அப்பாவுக்குச் சொன்னால் உடனே விளங்கும், நாதஸ்வரச் சீவாளியின் தம்பி. சீவாளி இரட்டை, இது ஒற்றை, பிரம்பு மாதிரி ஒரு நாணலைச் சீவிச் செய்வது. கனம் ஒன்றரை அல்லது இரண்டில் தொடங்க வேண்டும், வான்டோரன் கம்பனி றீட் என்றால் ஒன்றரையே காணும், அது றிக்கோ கம்பனி றீட்டைவிடக் கொஞ்சம் கடினம். கடைக்காரர் சில பேர் எல்லாரும் வாங்குவது இரண்டரை என்று தருவார்கள், கேட்க வேண்டாம். 10 றீட் உள்ள பெட்டியாக வாங்கி, மூன்று நாலை மாற்றி மாற்றி வாசிக்கப் பழக்குங்கள், ஒன்றையே தேய விட்டால் அது செத்த அன்றைக்குப் புதியது கல்லு மாதிரி இருக்கும். வாசித்த பிறகு மவுத்பீஸில் விடாமல் கழற்றி, துடைத்து, தட்டையாக வைக்க வேண்டும். தக்கைக்குத் தேங்காயெண்ணெய் பூசி வந்த குழல்களை நான் கண்டிருக்கிறேன், தயவு செய்து வேண்டாம், தக்கைக்கென்றே உள்ள கிறீஸ் சின்ன டப்பாவில் வரும், ஒரு டப்பா ஒரு வருஷம் போகும். பெட்டியை அடிக்கடி திறந்து பாருங்கள், பாட்களின் மேல் உள்ள மெல்லிய தோலைப் பூச்சி அரிப்பதுண்டு, வாசிக்காமல் பூட்டி வைத்த குழலில்தான் அது கூடுதலாக நடக்கும்.

றெக்கோடர் கேட்டிருந்தீர்கள். குழல் வரும் வரைக்கும் தாராளமாக வாசிக்கட்டும், வீணாகாது. கிளாரினெற்றின் மேல் ஸ்வரங்களுக்குள்ள விரல் பிடியும் பாடசாலை றெக்கோடரின் கீழ் ஸ்வரங்களுக்குள்ள விரல் பிடியும் பெரும்பாலும் ஒன்றுதான், மூன்று விரல் வைத்தால் ஜி, ஆறு விரல் வைத்தால் டி என்று. ஆனால் அதுக்காகவே ஒரு வருஷம் தள்ளிப் போட வேண்டாம், கேட்ட சூட்டில் கொடுத்தால்தான் பிள்ளைக்குப் பிடிப்பு வரும்.

ஒரு இடத்தில் மட்டும் றெக்கோடரும் அப்பாவின் நாதஸ்வரமும் அவளைக் குழப்பும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த இரண்டிலும் ஸ பிடித்து ஊதுகிற விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் அதே விரலில் மேல் ஸ வரும். கிளாரினெற்றில் ஸ பிடித்துக்கொண்டு பின்னால் இடது பெருவிரலுக்கு மேலே உள்ள கீயை அழுத்தினால் மேல் ஸ வராது, அதையும் தாண்டி அதற்கு மேலே உள்ள ப வந்து நிற்கும். கிளாரினெற்றின் குணமே அதுதான், அதனால்தான் இவ்வளவு கீ. உங்கள் அப்பா முதல் நாள் இதைக் கேட்டு, குழல் பழுது என்பார், பழுது இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

கர்நாடக இசை வாசிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பா கட்டாயம் கேட்பார். வாசிக்கலாம். பரதநாட்டியத்தைச் சதிர் என்று சொன்ன காலத்திலேயே தமிழ்நாட்டில் கிளாரினெற் நம் மேடைக்கு வந்துவிட்டது. திருச்சியில் இருந்து வந்த ஏ.கே.சி. நடராஜன் அதை நாதஸ்வரப் பாணியிலேயே வாசித்தார், சங்கீத கலாநிதி விருது 2008-இல் அவருக்குக் கிடைத்தது. ஸ்வரத்தை அசைத்து இழுக்கும் கமகத்துக்கு விரலைத் துளை மேல் மெல்ல நகர்த்தி கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும், வளையம் உள்ள குழலில் அது கஷ்டம், முதலில் நேர் ஸ்வரம் சுத்தமாக வரட்டும், கமகம் பிறகு பார்க்கலாம். சுருதியும் சொல்லி வைக்கிறேன். பீ பிளாட் குழலில் புத்தகம் சீ என்று சொல்வது உண்மையில் நம் சுருதிக் கணக்கில் ஆறரைக் கட்டை. அப்பாவின் நாதஸ்வரம் இரண்டு கட்டை என்றால் அவரோடு சேர மகள் புத்தகத்தின் ஈ-யை ஸ-வாக வைத்து வாசிக்க வேண்டும். கீபோர்ட்டோடு வாசிக்கும்போதும் இதே விவகாரம்தான், கீபோர்ட் சீ வாசித்தால் இவள் டி வாசிக்க வேண்டும்.

படிப்பிக்க ஆள் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. காணொளி பார்த்துப் பழகலாம் என்று நினைத்திருந்தால் முதல் மூன்று மாதமாவது வேண்டாம், வாய்ப்பிடி ஒருமுறை பிசகிப் பழகினால் அதை எடுப்பது மகா பாடு. மகளின் பாடசாலையில் மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், இல்லாவிட்டால் கிளிநொச்சியில் பாண்ட் குழு உள்ள பாடசாலைகளில் கேளுங்கள், இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் நேரில் கிடைத்தாலும் காணும். வவுனியாப் பக்கம் வர நேர்ந்தால் பரந்தனில் பஸ் மாறி வாருங்கள், குழலையும் கொண்டு வந்தால் பாட்களையெல்லாம் ஒருதரம் பார்த்துத் தருகிறேன்.

குழல் வந்த முதல் நாள் முழுதையும் பூட்டிக் கொடுக்க வேண்டாம். மவுத்பீஸையும் அதற்குக் கீழே உள்ள சின்னப் பீப்பாய் போன்ற பரல் துண்டையும் மட்டும் பூட்டி, றீட்டை நனைத்துப் போட்டு ஊதச் சொல்லுங்கள். வாய்ப்பிடி சரியாக இருந்தால் அதில் ஒரே ஒரு ஸ்வரம் வரும், நாலரைக் கட்டை. அப்பாவிடம் சுருதிப் பெட்டியைக் கொடுத்து நாலரையில் வைத்துப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள், அதோடு அது சேருகிறதா இல்லையா என்று அவர் காதைவிட வடிவாகச் சொல்ல எனக்கும் முடியாது.